மழைக்கு முன் காலரா தடுப்புப் பிரசாரம்: தெருவில் எதைச் சொல்வது, எதைச் செய்து காட்டுவது?

கூவம்கரை
வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு சென்னை வியாசர்பாடி பக்கம் சில தெருக்களில் மகளிர் சுய உதவிக் குழுவினரை வைத்து காலரா தடுப்புப் பிரசாரம் செய்யப்போகிறோம். பெரும்பாலான வீடுகளில் அடிபம்பு, சில வீடுகளில் மோட்டார், குழாயில் வராத நாளில் லாரித் தண்ணீர். கையில் இருப்பது ஒரு நோட்டீஸ்: காய்ச்சிக் குடியுங்கள், கை கழுவுங்கள், ஈ மொய்த்த பண்டத்தைத் தின்னாதீர்கள் என்று பன்னிரண்டு வரி. வீட்டுக்கு வீடு இதைக் கொடுத்தால் போதுமா? எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்? அளவோடு சொல்லுங்கள்.

அளவுகோல்
பன்னிரண்டு வரி வேண்டாம். மூன்று விஷயம் போதும்: குடத்துத் தண்ணீரில் குளோரின், முதல் பேதியிலேயே ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர்), எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது. கை கழுவுவதை ஓஆர்எஸ் கலக்கும்போதே செய்து காட்டிவிடலாம்.

‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்பதை முதல் வரியில் போடுவதை நான் எதிர்க்கிறேன். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 290 கிலோஜூல் வேண்டும். அடுப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குள் போகிறது என்றால் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் எரிவாயு. ஐந்து பேர் குடும்பத்துக்குக் குடிக்க 15 லிட்டர் என்று வைத்தால் மாதத்துக்கு நாலரைக் கிலோ. அதாவது 14.2 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கே போய்விடும். முதல் வாரம் காய்ச்சுவார்கள், இரண்டாவது வாரம் குழந்தைக்கு மட்டும், அப்புறம் யாருக்கும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. குளோரின் மாத்திரையின் செலவு அதில் ஒரு துளி. முடிந்தவர்கள் காய்ச்சட்டும், கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் காய்ச்சட்டும். எல்லாருக்குமான செய்தி குளோரின்தான்.

வால்வு மேன்
அளவுகோல் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கிருமி எங்கே உள்ளே வருகிறது என்று மக்களுக்குப் புரியாவிட்டால் மாத்திரையும் குப்பைக்குப் போகும். நம் ஊரில் அது பெரும்பாலும் குழாயில்தான் நடக்கிறது.

புழலிலிருந்தோ செம்பரம்பாக்கத்திலிருந்தோ சுத்திகரித்து அனுப்பும்போது தண்ணீரில் குளோரின் இருக்கிறது. சப்ளை நேரம் முடிந்ததும் குழாயில் அழுத்தம் போய்விடும். அந்த நேரத்தில் ஒருவர் அடிபம்பை அடித்தாலோ, மோட்டாரைப் போட்டு உறிஞ்சினாலோ குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். வீட்டு இணைப்புக் குழாய் கால்வாயைக் கடக்கிற இடத்தில், பாதாளச் சாக்கடைத் தொட்டி ஓரமாகப் போகிற இடத்தில், துருப்பிடித்த ஒரு துளை இருந்தால் போதும், வெளியே தேங்கியிருக்கும் சாக்கடை அந்த வழியாக உள்ளே இழுக்கப்படும். மழைக்காலத்தில் குழாய் முழுவதும் அழுக்கு நீரில் மூழ்கிக் கிடப்பதால் இது பல மடங்கு மோசம்.

அதனால் தெருவில் சொல்ல வேண்டியவை: சப்ளை இல்லாத நேரத்தில் பம்பு அடிக்காதீர்கள். தெருவின் மெயின் குழாயில் நேரடியாக மோட்டார் போடாதீர்கள், ஒரு வீடு உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக் குழாயிலும் சாக்கடை ஏறும். தண்ணீர் வரத் தொடங்கியதும் முதல் இரண்டு குடத்தைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். பம்பைச் சுற்றி சிமெண்டு மேடை உடைந்து குழி விழுந்திருந்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கேயே இறங்கும், அதைப் பூசி அடையுங்கள்.

நாற்றம் இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதனால் நல்ல தண்ணீர் என்று நினைப்பது தவறு. நோய் வரவைக்கும் அளவுக்குச் சாக்கடை கலந்தாலும் நிறமோ வாசனையோ மாறாமல் இருக்கலாம்.

கூவம்கரை
நன்றி சார். குடத்துக்கு எவ்வளவு மாத்திரை? கடையில் பிளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால் அதற்கு என்ன கணக்கு?

அளவுகோல்
மாத்திரை: 0.5 கிராம் மாத்திரை 20 லிட்டருக்கு ஒன்று என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அட்டையில் போட்டிருக்கும் அளவைக் கட்டாயம் படியுங்கள், எல்லா மாத்திரையும் ஒரே வலிமை அல்ல. பிளாஸ்டிக் குடம் எத்தனை லிட்டர் என்று ஒரு லிட்டர் பாட்டிலால் ஒரு தடவை அளந்து சொல்லிக் கொடுங்கள். ‘ஒரு குடத்துக்கு ஒரு மாத்திரை’ என்று பொதுவாகச் சொன்னால் சின்னக் குடத்தில் மருந்து வாடை தூக்கி, மறுநாள் முதல் யாரும் போட மாட்டார்கள்.

பவுடர்: புதிய, நல்ல பிளீச்சிங் பவுடரில் 30 முதல் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். கட்டி தட்டியது, ஈரமானது, வாயைத் திறந்து வைத்த மூட்டை இவற்றை நம்பாதீர்கள். பவுடரை நேராகக் குடத்தில் போடக் கூடாது. 33 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் வடித்தால் ஒரு சதவீதக் கரைசல். 15 லிட்டர் குடத்துக்கு இதில் 3 மில்லி. சிரிஞ்சிலோ, இருமல் மருந்துக்குக் கொடுக்கும் அளவு மூடியிலோ அளக்கலாம். இது லிட்டருக்கு 2 மில்லிகிராம் போட்டதாக ஆகும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டிவிட்டு 6 மில்லி. கலக்கி, மூடி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாத்திரைக்கும் இந்த அரை மணி நேரம் உண்டு. மக்கள் விட்டுவிடுவது இதைத்தான்: போட்ட கையோடு குடித்துவிடுவார்கள்.

கரைசலை நிறம் போட்ட பாட்டிலில், வெயில் படாமல், ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை எடுத்துக் குடித்துவிடும். வீட்டுக்கு வீடு பவுடர் கொடுப்பதைவிட, பயிற்சி பெற்ற ஒருவர் கலக்கி, தெருமுனையில் குடத்துக்கு அளந்து ஊற்றுவது நல்லது.

குடத்துப் பெண்
மருந்து போட்ட பிறகு கெடுவதைப் பற்றியும் எழுதுங்கள். குடத்துக்குள் சொம்பை விட்டு மொள்ளும்போது விரல் நனைகிறது. அந்தக் கையால்தான் குழந்தைக்குக் கால் கழுவியிருப்போம். நீளக் கைப்பிடி வைத்த மொள்ளி, அல்லது குழாய் வைத்த டிரம், அல்லது குடத்தைச் சாய்த்து ஊற்றுவது, இந்த மூன்றில் ஒன்று. குடத்தின் கழுத்துக்குள் பாசி பிடித்திருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும், தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிடிக்க வேண்டும்.

ஆர்ஓ வைத்திருக்கும் வீடுகளும் கவனிக்க வேண்டும். அந்த இயந்திரத்தில் இருக்கும் கார்பன், குளோரினை எடுத்துவிடும். அதிலிருந்து வந்த நீரை அழுக்குப் பாத்திரத்தில் பிடித்து வைத்தால் அதைக் காக்க எதுவும் இல்லை. கேன் தண்ணீரும் அப்படியே. ஐஎஸ்ஐ முத்திரை, சீல் இரண்டும் சரியாக இருந்தாலும், கேனைக் கவிழ்க்கும் மண் டிஸ்பென்சரை மாதக்கணக்கில் கழுவாமல் வைத்தால் பலன் போச்சு.

புதுவாசி
இப்போதெல்லாம் காலரா எங்கே வருகிறது? டெங்கு பற்றிப் பேசினாலாவது கேட்பார்கள்.

தொற்றுநோய் வார்டு
2022 ஜூலையில் காரைக்காலில் காலராவுக்காகப் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். நம் ஊரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம். 1992-ல் ஓ139 என்ற அதுவரை இல்லாத காலராக் கிருமி வகை முதலில் தென்பட்டது இதே சென்னையில்தான். பழைய ஓ1 வகையால் வந்த எதிர்ப்புசக்தி அதைத் தடுக்கவில்லை, அதனால் பெரியவர்களையும் வாரிப்போட்டது. இன்று வரும் தொற்றுகள் பெரும்பாலும் ஓ1 வகையே.

கிருமி உள்ளே போனவர்களில் பலருக்கு அறிகுறியே இருக்காது, ஆனால் சில நாட்கள் மலத்தில் கிருமி வெளியேறும். அதனால் ஒரு தெருவில் ஒரு கேஸ் தெரிகிறது என்றால் தெரியாதவை இன்னும் இருக்கின்றன. கிருமி நுழைந்து சில மணி நேரத்திலும் வரும், ஐந்து நாள் கழித்தும் வரும்.

ஓஆர்எஸ் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், உயிரைக் காப்பது அதுதான். காலராவில் ஆளைக் கொல்வது கிருமியைவிட உடலில் இருந்து வெளியேறும் உப்பும் நீரும்தான். கடுமையான நோயில் ஒரு பெரியவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கலாம். மலம் அரிசி கழுவிய கழுநீர் மாதிரி போகும், வயிற்றுவலியும் காய்ச்சலும் பெரும்பாலும் இருக்காது. வலி இல்லையே என்று வீட்டில் படுத்துக் கிடப்பதுதான் ஆபத்து. சிகிச்சை இல்லாமல் விட்டால் கடுமையான நோயாளிகளில் பாதிப் பேர் வரை இறக்கலாம். நேரத்தில் நீர் கொடுத்தால் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 1971-ல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் சலைன் தீர்ந்த நிலையில் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்து இதை உலகத்துக்குக் காட்டினார்.

இப்போதைய உலக சுகாதார நிறுவனச் சேர்மானம் ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. நான்கையும் கூட்டினால் 20.5 கிராம். பாக்கெட்டின் எடையைப் பாருங்கள். 20 கிராம் சுற்றி இருந்தால் ஒரு லிட்டருக்கானது, 4 கிராம் சுற்றி இருந்தால் 200 மில்லிக்கானது. நடக்கும் தவறு இங்கேதான்: பெரிய பாக்கெட்டைப் பாதி ஒரு டம்ளரில் கொட்டி, மீதியை மடித்து அலமாரியில் வைப்பார்கள். அது உப்பு மிகுந்த நீர், குழந்தைக்குப் போனால் பேதி கூடும், வலிப்புகூட வரலாம். இன்னொரு பக்கம், சின்னப் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்து வெறும் தண்ணீராக்குவார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எல்லா வீட்டிலும் பார்க்கலாம், அதையே அளவாக வையுங்கள். முழுப் பாக்கெட், முழு பாட்டில், 24 மணி நேரத்தில் முடியாததைக் கொட்டிவிட வேண்டும். பாலிலோ ஜூஸிலோ கரைக்காதீர்கள், கூடுதலாகச் சர்க்கரை போடாதீர்கள், கரைத்த பிறகு காய்ச்சாதீர்கள்.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் பழச்சுவை பானங்களில் பல இந்தச் சேர்மானத்தில் இல்லை, சர்க்கரை அதிகம். கோலி சோடா, கூல்டிரிங்க்ஸ் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. காலராவில் போவது சோடியம். ஓஆர்எஸ் கிடைக்கும் வரை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூன் என்றால் 5 மில்லி மருந்து ஸ்பூன். வாயில் வைத்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது.

ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200, அதற்கு மேல் எவ்வளவு குடிக்க முடியுமோ அவ்வளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், கீழே 10. பேதியை ‘கட்டுகிற’ மாத்திரை கொடுக்காதீர்கள்.

கண் குழி விழுவது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகப் போவது, கெண்டைக்கால் பிடிப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, தூக்கக் கலக்கம், குடிக்க முடியாமை, இவற்றில் எது வந்தாலும் 108. வழி முழுக்க ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஆஸ்பத்திரியில் கடுமையான நிலைக்குக் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவார்கள். 50 கிலோ ஆளுக்கு முதல் அரை மணியில் ஒன்றரை லிட்டர், அடுத்த இரண்டரை மணியில் மூன்றரை லிட்டர். தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவது இதற்கு ஈடாகாது என்பதை மக்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

குடத்துப் பெண்
இதை வாயால் சொன்னால் நிற்காது. ஒரு லிட்டர் பாட்டில், இரண்டு அளவிலும் பாக்கெட், ஒரு மருந்து ஸ்பூன் கொண்டுபோங்கள். நீங்கள் ஒரு தடவை கலக்கிக் காட்டிய பிறகு, ‘அக்கா, நீங்க கலந்து காட்டுங்க’ என்று அவர்கள் கையில் கொடுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அதைத்தான் அடுத்த தெருவில் அழுத்திச் சொல்ல வேண்டும். பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கூட்டாதீர்கள், ஓரத்தில் நிற்பவர் அளவைப் பார்க்கவே முடியாது. தண்ணீர் வரும் நேரத்தில் கூட்டம் வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள்.

கூவம்கரை
மிகவும் உதவியாக இருக்கிறது மேடம். இன்னும் இரண்டு கேள்வி. தெரு ஓரம் பிளீச்சிங் பவுடர் தூவச் சொல்லி மக்கள் கேட்கிறார்கள். தெருவுக்கே தடுப்பு மாத்திரை கொடுக்க முடியாதா என்றும் கேட்கிறார்கள்.

அளவுகோல்
தெரு ஓரத்து வெள்ளைக் கோடு காலராவைத் தடுக்காது. மண்ணில், குப்பையில் பட்டதும் குளோரின் செத்துவிடும். அந்த மூட்டை தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டியது. கோடு போட்டால் வேலை நடந்த மாதிரி தெரிகிறது, அதனால்தான் கேட்கிறார்கள். இதைப் பொறுமையாக விளக்குவதும் பிரசாரத்தின் வேலைதான்.

பவுடர் உண்மையாகவே தேவைப்படும் இடம் நோயாளியின் வீடு. வாந்தி, மலத்தின் மீது 2 சதவீதம்: லிட்டருக்கு 66 கிராம். ஊற்றி ஊறவிட்டு அப்புறம் கழிவறையில் கொட்ட வேண்டும். தரைக்கு 0.2 சதவீதம்: 10 லிட்டர் பக்கெட்டுக்கு 66 கிராம். துணி ஊறவைக்க 0.05 சதவீதம்: 10 லிட்டருக்கு 16 கிராம். கையுறை போடுங்கள். பவுடருடன் பாத்ரூம் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சு அடைத்துவிடும். தெருவில் சைக்கிளில் விற்கும் ஆசிட் ஏறக்குறைய எல்லா வீட்டுக் கழிவறையிலும் இருப்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நோயாளியின் துணியை அடிபம்பு மேடையில் துவைக்கக் கூடாது என்பதையும்.

தொற்றுநோய் வார்டு
தெரு முழுக்க ஆன்டிபயாடிக் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. பரவலைத் தடுக்காது, மருந்துக்கு மசியாத கிருமியை வளர்க்கும். தடுப்பூசி வாய்வழி மருந்தாக உண்டு, இரண்டு வாரம் இடைவெளியில் இரண்டு டோஸ். உலக அளவில் தட்டுப்பாடு வந்ததால் 2022 அக்டோபரிலிருந்து அவசர முகாம்களில் ஒரு டோஸ்தான் கொடுக்கிறார்கள். தெருக் குழு முடிவு செய்கிற விஷயம் அல்ல அது.

ஒரே வாரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பேதி வந்தாலோ, ஒரு பெரியவர் தண்ணீர் பேதியில் சுருண்டு விழுந்தாலோ, அன்றே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பு மலம் அல்லது ஆசனவாய் ஸ்வாப் (பஞ்சுக் குச்சி மாதிரி) எடுத்து, ஆய்வகம் போகும் வரை கிருமியைக் காக்கும் கேரி பிளேர் ஊடகத்தில் போட வேண்டும். அதை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, குளிரில் இந்தக் கிருமி வாடிவிடும், அறை வெப்பமே போதும். தண்ணீர் சாம்பிள் அதற்கு நேர்மாறு: ஐஸில் போக வேண்டும், பாட்டிலில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். வீட்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் ஆய்வகத்துக்குப் போனால் அந்த முடிவுக்குப் பொருள் இல்லை.

புதுவாசி
வங்கதேசத்தில் புடவைத் துணியால் வடிகட்டியே காலராவைப் பாதியாகக் குறைத்தார்கள் என்று படித்தேன். நாமும் அதைச் சொல்லலாமே? என் கேள்விக்கு விளக்கமாகப் பதில் தந்ததற்கு நன்றி.

அளவுகோல்
அது 2003-ல் வெளியான ஆய்வு, மட்லாப் பகுதியில் நடந்தது, 48 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் அங்கே குடித்தது குளத்து நீர், ஆற்று நீர். கிருமி நுண்ணிய மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டிருந்தது, பழைய பருத்திப் புடவையை எட்டாக மடித்தால் அந்த உயிரிகள் மாட்டிக்கொள்ளும். நம் குழாயில் கலப்பது சாக்கடை. அதில் தனியாக மிதக்கும் கிருமி எந்தப் புடவையிலும் நிற்காது. துணி கலங்கலை எடுக்க மட்டும்.

குடத்துப் பெண்
சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள். பழைய சோற்றுக்கு இரவில் ஊற்றும் தண்ணீர், சமைத்த பிறகு சேரும் பச்சைத் தண்ணீர். ஈரச் சோறு இந்தக் கிருமிக்கு நல்ல இடம், புளிப்புதான் அதற்கு ஆகாது. காய்ச்சி ஆறிய தண்ணீரையோ குளோரின் போட்டதையோ ஊற்றினால் பழையதை விடவே வேண்டாம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போதும் இதே கதைதான். கேழ்வரகை நன்றாகக் காய்ச்சிவிட்டு மறுநாள் அண்டாவில் கரைக்கும்போது லாரித் தண்ணீர் சேர்க்கிறார்கள். கோயில் குழுவினரிடம் ஒரு வாரம் முன்பே போய், கரைக்கிற தண்ணீருக்கு டிரம்மில் குளோரின் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கூழைக் குறை சொன்னால் காது கொடுக்க மாட்டார்கள், தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுங்கள். நீர்மோர்ப் பந்தலுக்கும் இதுவே. மீனுக்கு வரும் ஐஸ் பாரை உடைத்து சர்பத்தில் போடும் கடைகளை மட்டும் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

வால்வு மேன்
குழுவில் இரண்டு பேருக்குக் குளோரோஸ்கோப் (தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் சின்னக் கருவி) பழக்கிவிடுங்கள், பிரசாரத்துக்குப் பல் முளைத்த மாதிரி. குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, சோதனைக் குழாயை அதே தண்ணீரில் அலசி, கோடு வரை நிரப்பி, டிபிடி மாத்திரை போட்டு ஒரு நிமிடத்துக்குள் நிறத்தை ஒப்பிட வேண்டும். இளஞ்சிவப்பு வந்தால் குளோரின் உண்டு. நேரம் கழித்துப் பார்த்தால் இல்லாததும் இருப்பதாகக் காட்டும். நிழலில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். தெருக்கோடி வீட்டில் சாதாரண நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், பேதி பரவும்போது 0.5 இருக்க வேண்டும்.

எண்ணைவிட வரிசை முக்கியம். ஒரு வீட்டில் மட்டும் பூஜ்யம், இருபுறமும் 0.5 என்றால் அந்த வீட்டு இணைப்புக் குழாயில் ஓட்டை. ஒரு இடத்துக்கு அப்புறம் எல்லா வீட்டிலும் பூஜ்யம் என்றால் மெயினில், அந்த இடத்துக்குப் பக்கத்தில். லாரியில் பூஜ்யம் என்றால் தெருத் தொட்டியில் இறக்குமுன்பே டிரைவரிடம் காட்டுங்கள்.

கூவம்கரை
அடுக்குமாடி ஒன்றில் சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) மூடி தரை மட்டத்திலேயே இருக்கிறது, போன மழையில் மூழ்கியது. அதற்கு?

வால்வு மேன்
மூடியைச் சுற்றி அரை அடியாவது மேடை கட்டச் சொல்லுங்கள். மூழ்கிவிட்டால் முழுவதும் இறைத்து, சுவரைத் தேய்த்து, மறுபடி நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் நல்ல பவுடர் என்று கரைத்து ஊற்ற வேண்டும். எல்லாக் குழாயையும் வாடை வரும் வரை திறந்து மூடி, 12 மணி நேரம் விட்டு, முழுவதையும் வெளியேற்ற வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, மாடி வீடுகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். சம்புக்குள் ஆள் இறங்குவதற்கு முன் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விடுங்கள், தனியாக யாரும் இறங்கக் கூடாது. பிறகு அன்றாடம் 1000 லிட்டருக்கு 6 கிராம், சோதித்துப் பார்த்துக் கூட்டலாம் குறைக்கலாம்.

மெட்ரோ வாட்டர் புகாருக்கு 1916, மாநகராட்சிக்கு 1913, மருத்துவ ஆலோசனைக்கு 104. போனோடு விடாதீர்கள். பூஜ்யம் வந்த வீடுகளின் கதவு எண், சோதித்த தேதி, நேரம் மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி டிப்போவில் உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே தோண்டுவது என்று அந்தத் தாளே காட்டிவிடும்.